மதினி விட்டுப்போன எஞ்சின்

மதினி, சோற்றில் கை வைத்ததும் மண்ணெண்ணெய் வாடைதான் முன்னால் வருகிறது. சோப்புப் போட்டாச்சு, சாம்பல் வைத்துத் தேய்த்தாச்சு, எலுமிச்சைத் தோலையும் விட்டுவைக்கவில்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்தால் ரசமும் அதே வாடை. உங்கள் கையால் வாங்கிச் சாப்பிட்ட காலத்தில் இந்த நாற்றத்தைச் சொல்லிச் சொல்லியே உங்களைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். இப்போது என் கையே அப்படி நாறுகிறது. நீங்கள் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செத்தவர்களை ஏசக் கூடாது என்பார்கள். என்னால் முடியாது. நீங்கள் போனதற்கு அழவேண்டியதை அழுதாயிற்று. இந்த எஞ்சினை என் தலையில் கட்டிவிட்டு, அதைப் பற்றிச் சொல்லவேண்டியதில் பாதியை முழுங்கிவிட்டுப் போனீர்களே, அதற்கு ஏசவேண்டியது அப்படியே பாக்கி கிடக்கிறது. இன்றைக்கு அதைச் சொல்லித் தீர்க்காமல் நான் படுக்கப்போவதில்லை.

நம் பாடு உங்களுக்குத் தெரியாததா? வீடு அணைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம், குடியிருப்பில். வேலை தேயிலை எஸ்டேட்டில், லயத்து வரிசை வீட்டில் இருந்த பழக்கத்தில் நாம் இன்னும் இக்கரை என்று சொல்கிற பக்கம். காலையில் மஸ்டரில் பெயர் கூப்பிடுமுன் நான் இக்கரையில் நிற்க வேண்டும். அண்ணன் பம்ப் ஹவுஸில் வேலை முடித்துச் சாயந்தரம் வீடு திரும்ப வேண்டும். நடுவில் தண்ணீர். சுற்றிக்கொண்டு போக ஒரு வழி உண்டுதான், யூகலிப்டஸ் காட்டுக்குள் நுழைந்து ஏலத்தோட்டத்து ஓரமாக. ஆனால் அது ஆனை நடக்கிற வழி. பொழுது சாய்ந்தால் அதில் மனுஷன் கால் வைப்பதில்லை. உங்கள் வள்ளம் ஓடியவரை யாருக்கும் அதில் கால் வைக்கவேண்டிய தேவையும் வரவில்லை.

நீங்கள் போன பிறகு அண்ணன் அந்த வழியில்தான் நடந்தார்; கொழுந்து முடித்த நாங்கள் வெளிச்சத்திலேயே கூட்டமாகச் சுற்றி நடந்துவிடுவோம், அவர் வேலை முடிவதே பொழுது சாய்ந்துதான். ஏனென்றால் உங்கள் எஞ்சின் எழும்பவில்லை. நான் பட்ட பாடெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான். அந்தச் சனியன் எழும்பினால் அண்ணன் தண்ணீர் வழியாக வருவார், எழும்பாவிட்டால் ஆனைக்கு முன்னால் போய் நிற்பார்.

அண்ணன் தூத்துக்குடிக்கு லோடு வேலைக்குப் போய், போன இடத்தில் உங்களைக் கட்டிக்கொண்டு சின்னக்கானல் பஸ்ஸில் வந்து இறங்கிய அன்றைக்கே நமக்குள் இழுபறி தொடங்கிவிட்டது. அண்ணனுடைய ஸ்வெட்டரைப் போட்டு, அதற்கு மேல் போர்வையைச் சுற்றி, பல் கிடுகிடுக்க நின்றுகொண்டு, அணையைப் பார்த்து நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "இது என்ன தண்ணி, அலையே இல்லாம சும்மா கெடக்கு?" எங்கள் ஊர்த் தண்ணீரைக் குறை சொல்ல இவள் யார் என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். போதாததற்கு நாங்கள் புராட்டஸ்டண்ட் சபை, நீங்கள் மாதா கோயில். என் வீட்டுக்காரர் இறந்து நானும் அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தபின், ஒரே அடுப்பில் இரண்டு வேதமும் சமைத்தது. நாம் சண்டை போடாத நாள் கிடையாது, பேசாமல் இருந்த நாளும் கிடையாது.

லயத்தை விட்டு அக்கரைக்குக் குடிபோன பிறகுதான் உங்கள் ஆட்டம் ஆரம்பித்தது. மற்றவர்களெல்லாம் மூங்கில் தெப்பத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கும்போது, நீங்கள் ஊருக்குப் போன் போட்டு, உங்கள் அப்பா கடலில் ஓட்டிய பழைய எஞ்சினைத் தம்பியிடம் கொடுத்துவிடச் சொன்னீர்கள். சாக்கில் சுற்றி, பிக்கப் வண்டியில் போடிமெட்டு ஏறி வந்தது அது. கடல் எஞ்சின் மலையில் ஓடுமா என்று சிரித்தவர்களே பிறகு அதில் ரேஷன் அரிசி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிள்ளைத்தாய்ச்சிகள், பால் கேன், கோழி, கோயில் சாமியார் என்று எல்லாரும் உங்கள் வள்ளத்தில்தான். நாங்கள் போட் என்போம். நீங்கள் கடைசி வரை வள்ளம் என்பதை விடவில்லை. இப்போது நானும் வள்ளம் என்றுதான் சொல்கிறேன், அது வேறு விஷயம்.

கயிற்றை மட்டும் யாரையும் தொடவிட மாட்டீர்கள். நடுத் தண்ணீரில் ஹேண்டிலை என் கையில் கொடுத்துவிட்டு வறுகடலை கொறிப்பீர்கள். ஆனால் எஞ்சினை எழுப்புவதும் நிறுத்துவதும் உங்கள் ராஜ்ஜியம். யார் கேட்டாலும் ஒரே பாட்டுத்தான்: "பெட்ரோல்ல எழுப்பணும், மண்ணெண்ணெயில ஓட்டணும். அவ்வளவுதான் வித்த." பெட்ரோலுக்கு ஒரு சின்ன டேங்க், மண்ணெண்ணெய்க்கு ஒரு பெரிய டேங்க், நடுவில் இங்கேயும் அங்கேயும் திருப்ப ஒரு வால்வு. பெட்ரோல் சட்டென்று பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் மலிவு, ஆனால் சூடான எஞ்சினில்தான் எரியும். இது எனக்கும் தெரியும், குடியிருப்பில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தபடிதானே செய்தேன், மதினி?

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் போனபின், திரும்ப மஸ்டருக்குப் போகவேண்டிய முதல் காலையில் வள்ளத்தின் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். வால்வைப் பெட்ரோலுக்குத் திருப்பினேன். எண்ணெய்க் குழாயிலுள்ள ரப்பர் பல்பைக் கல்லாக இறுகும் வரை அமுக்கினேன். சோக்கை இழுத்தேன். கயிற்றை இழுத்தேன். ஒரு செருமல். மறுபடி இழுத்தேன், செருமல்கூட இல்லை. தோள்பட்டை கழன்று தண்ணீரில் விழுந்துவிடும்போல் ஆகும்வரை இழுத்தேன். பனி விலகி எஸ்டேட்டில் சங்கு ஊதிவிட்டது. "ஆத்திரப்பட்டு இழுத்தா கயிறுதான் கையில வரும்" என்று பிள்ளைகளை மிரட்டுவீர்களே, அதுவும் நடந்தது. கயிறு அறுந்து கையோடு வர, நான் வள்ளத்துக்குள் மல்லாக்க விழுந்தேன். கரையில் நின்றவர்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து கரையில் யோசனைக்குப் பஞ்சமில்லை. பிளக்கைக் கழற்றித் துடை என்றார் ஒருவர். துடைத்தேன். எண்ணெயில் குளித்தது மாதிரி நனைந்திருந்தது. வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டினேன். பெட்ரோல் டேங்க் மூடியில் காற்றுத் துவாரத்தைத் திறந்துவிட்டாயா என்றார் இன்னொருவர். திறந்திருந்தது. பெட்ரோல் பழசு என்றார்கள், புதுசு வாங்கி ஊற்றினேன். ஒருநாள் மூச்சு வாங்க இழுத்து முடித்த பிறகுதான் பார்க்கிறேன், எஞ்சினை நிறுத்துகிற சிவப்புச் சுருள் கயிற்றின் கிளிப் மாட்டவேயில்லை. அது இல்லாமல் சாமியே வந்து இழுத்தாலும் எழும்பாது. அன்றைக்கு என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். ஆனால் அதை மாட்டிய பிறகும் எழும்பவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். குடியிருப்பில் ஒருத்தி, செத்தவள் எஞ்சினையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று என் காதுபடச் சொன்னாள். அவளிடம் ஒரு வாரம் நான் பேசவில்லை.

சில நாள் எழும்பும். அதையும் சொல்லவேண்டும். இழுத்து இழுத்துக் கை மரத்தபின், புகையைக் கக்கிக்கொண்டு, ஏதோ போனால் போகிறதென்று எழும்பும். அன்றைக்கு மஸ்டர் போயிருக்கும். சாயந்தரம் இக்கரையில் மறுபடி அதே கூத்து. பழைய மூங்கில் தெப்பம் இற்றுப்போயிருந்தது. துடுப்புப் போட்டுப் பார்த்தோம். மத்தியானத்துக்கு மேல் அடிக்கிற காற்று வள்ளத்தை அணைக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அதோடு அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

டவுனிலிருந்த மெக்கானிக்கிடம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். மருந்தடிக்கிற பம்பும் பைக்கும் பார்க்கிற மலையாளத்துப் பையன். எல்லாவற்றையும் பிரித்து, கார்பரேட்டரைக் கழுவி, புதுக் கயிறு போட்டு, ஒரு பாட்டிலில் பெட்ரோலைத் தொங்கவிட்டு இழுத்தான். ஒரே இழுப்பு. கடை அதிர்ந்தது. "சேச்சி, எஞ்சினுக்கு ஒரு கொழப்பமும் இல்லா" என்று சிரித்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொண்டுவந்து மாட்டினேன், எழும்பியது, அக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மறுநாள் காலையில் பிணம். மறுபடி தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரே இழுப்பு, இங்கே வந்து ஒருநாள் கழித்துப் பிணம். கடையில் எழும்புகிறது, கரையில் எழும்ப மாட்டேன் என்கிறது. என்னை மட்டும் பிடிக்காத மாதிரி. அந்தப் பையன் கடைசியில் என்னையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தான்.

உங்கள் மகன் திருப்பூரிலிருந்து போனில், அதை யாருக்காவது கொடுத்துவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்துவிடச் சொன்னான். அவன் சொல்வது சுலபம். லயத்தில் ஒரு வீடு கேட்டு வாங்கி இக்கரையிலேயே இருந்துவிடலாம் என்று நானும் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவ கெடக்குற கரைய விட்டுட்டு லயத்துல போய்ப் படுக்கச் சொல்லுதியா?" என்றார்.

போன வாரம் அவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். குடை இல்லை, முழங்கை தோல் உரிந்திருந்தது. வழுக்கிவிட்டது என்றார். சாப்பிட்டார், படுத்துக்கொண்டார். மறுநாள் ஜீப் ஓட்டுகிறவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஏலத்தோட்டத்து வளைவில் ஒற்றை ஆனை நின்றிருக்கிறது. இவர் ஓடைக்குள் குதித்து, அது போகிறவரை தண்ணீருக்குள் குந்திக்கொண்டிருந்திருக்கிறார். குடையை அது மிதித்துப் போட்டதை ஜீப்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். அன்றைக்குச் சாயந்தரமும் அண்ணன் அதே வழியில்தான் கிளம்பினார். நான் கத்தினேன், கையைப் பிடித்து இழுத்தேன். எஞ்சின் எழும்பாவிட்டால் நடந்துதானே வரவேண்டும் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. மிதித்தால் மிதிக்கட்டும் என்று இருக்கிறாரோ என்று தோன்றிவிட்டது.

கடைசியில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம், உங்கள் தம்பி. அவரிடம் எந்த முகத்தோடு பேசுவது? உங்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் உங்கள் ஆட்களோடு அடக்கம் செய்யவேண்டும் என்று அவர் கேட்டார். அண்ணன் மாட்டேன் என்று சாதித்தார். எங்கள் அக்காவை மலைக்காட்டில் போட்டுவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர், பிறகு ஒரு போன் கிடையாது. நாங்களும் வீம்புக்குப் பேசவில்லை. ஆனால் ஆனைக்கு முன்னால் என்ன வீம்பு? இன்று மத்தியானம், கொழுந்து நிறுத்துப் போட்டபின், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். எடுத்ததும் அவர் கேட்டது, "யாருக்கு என்னக்கா?" யாரோ செத்துத்தான் நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை, எஞ்சின் எழும்பவில்லை என்றேன்.

எப்படி எழுப்புகிறேன் என்று கேட்டார். வால்வு, பல்பு, சோக், கிளிப் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தேன். எல்லாம் சரிதான் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் அவர் கேட்டார்.

"எழுப்புறது கெடக்கட்டும். எதுல நிறுத்துதிய?"

நிறுத்துவதில் என்ன இருக்கிறது, சிவப்புக் கயிற்றைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது என்றேன். "அய்யோ அக்கா" என்றார் அவர். மண்ணெண்ணெயில் ஓடும்போதே நிறுத்தினால், கார்பரேட்டரின் வயிற்றில் மண்ணெண்ணெய்தான் தங்கும். ராத்திரிக் குளிரில் அது கிடந்து, காலையில் நான் பெட்ரோலைத் திறந்தாலும் முதலில் உள்ளே போவது அந்தக் குளிர்ந்த மண்ணெண்ணெய்தான். எப்படிப் பற்றும்? கடையில் கழுவிவிட்டுப் பெட்ரோலை ஊற்றுகிறான், அதனால் பற்றுகிறது. கரை நெருங்குமுன்பே வால்வைப் பெட்ரோலுக்கு மாற்றி, அதில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகுதான் நிறுத்தவேண்டும்.

"ஜெபமாலையில ஒரு பத்து ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் ஓடணும்க்கா. கடல்ல எங்களுக்கு மணிக்கூண்டா இருக்கு? அதான் கணக்கு. எங்க அக்கா ஒவ்வொரு தடவையும் செய்வாளே. நீங்க முன்னாலதான இருந்திய, பாக்கலியா?"

பார்க்கவில்லை, மதினி. இத்தனை வருசம் எதிரில் உட்கார்ந்து வந்தும் நான் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். மேட்டின் மேல் அந்தோணியார் குருசடி இருக்கிறது, சிலுவை நட்ட சின்னக் கோயில், இரண்டு கரைக்கும் தெரிகிற மாதிரி. எந்தக் கரையை நெருங்கினாலும் நீங்கள் அதைப் பார்த்து நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டு, ஜெபமாலை சொல்ல ஆரம்பிப்பீர்கள். எங்கள் சபையில் அந்தப் பழக்கம் கிடையாது. உங்கள் சிலுவை தொடங்கியதும் நான் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். வள்ளம் கரையில் இடித்த பிறகுதான் திரும்புவேன். "ஏட்டி எஸ்தரு, அந்தோணியாரு கடிச்சிர மாட்டாரு, திரும்பிப் பாரு" என்று சீண்டுவீர்கள். நான் இன்னும் விறைப்பாக உட்காருவேன். உங்கள் வலது கை சிலுவை போடுகிறது என்றுதான் எனக்குத் தெரியும். ஹேண்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு உங்கள் இடது கை வால்வைத் திருப்பியதை நான் எங்கே கண்டேன்?

எனக்கு வருகிற கோபம் இதற்குத்தான். உங்களுக்குத் தெரியும், நான் திரும்ப மாட்டேன் என்று. அந்தோணியார் கடிக்க மாட்டார் என்று சொன்ன வாயால், வால்வை மாற்றுகிறேன் பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? ஊரைக் கூட்டிப் பெட்ரோலில் எழுப்பணும், மண்ணெண்ணெயில் ஓட்டணும் என்று முழங்கினீர்களே, நிறுத்துவதை மட்டும் ஏன் சேர்க்கவில்லை? உங்கள் ஊரில் பிறந்த எல்லாருக்கும் அது மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு விடுவதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, சரி. ஆனால் நான் உங்கள் ஊரில் பிறக்கவில்லையே. உங்கள் அப்பாவோடு கடலுக்குப் போகவில்லையே. தேயிலைத் தூருக்குள் பிறந்தவளுக்கு எப்படித் தெரியும்? அண்ணனை ஆனை மிதித்திருந்தால் யாரிடம் போய் நான் கேட்பேன்?

சாயந்தரம் ஜீப்காரரிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கிக்கொண்டு, காலையில் எப்படியோ எழும்பி வந்த வள்ளம் கிடந்த கரைக்கு வந்தேன். உங்கள் தம்பி சொன்னபடி கார்பரேட்டருக்கு அடியிலிருந்த சின்ன ஸ்க்ரூவைத் திறந்தேன். உள்ளே கிடந்த மண்ணெண்ணெய் என் கையெல்லாம் வழிந்தது. அந்த வாடைதான் இப்போது சோற்றிலும் ரசத்திலும். மூடினேன், பெட்ரோலைத் திறந்தேன், பல்பை அமுக்கினேன். அண்ணன் பம்ப் ஹவுஸைப் பூட்டிவிட்டு, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், காட்டு வழிக்கு ஏறிக்கொண்டிருந்தார். இரண்டாவது இழுப்பில் எழும்பியது. நான் ஹேண்டிலை முறுக்கி ஒரு உறுமல் உறுமவிட்டேன், வேண்டுமென்றேதான். தேயிலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த தலை நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி வந்தது.

அவர் ஏறி உட்கார்ந்தார். அக்கரை நெருங்கியது. குருசடி தெரிந்தது. வால்வைப் பெட்ரோலுக்குத் திருப்பினேன். ஜெபமாலை எனக்கு வராது. எங்கள் சபை ஜெபத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வள்ளம் கரையில் இடித்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்து என்றார் அண்ணன். இருங்க என்று கையைக் காட்டினேன். அவர் என் உதட்டைப் பார்த்தார், வால்வைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கும் அவ இப்படித்தான் நிறுத்தாம இருந்தா" என்றார். "நான் அவள ஏசிட்டேன், எஸ்தரு."

எனக்கும் அப்போதுதான் விளங்கியது, மதினி. உங்களுக்கு மூச்சு முட்டிய அந்தக் காலையில், எங்கள் இரண்டு பேருக்கும் எஞ்சினை எழுப்பத் தெரியாததால் நீங்களே எழுப்பி நீங்களே ஓட்டினீர்கள். அண்ணன் பின்னாலிருந்து உங்களைத் தாங்கிப் பிடித்திருந்தார். அன்றைக்கு மட்டும் நான் முகத்தைத் திருப்பவில்லை, உங்கள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குருசடிக்கு நேரே வந்ததும் உங்கள் கை சிலுவைக்கு எழும்பவேயில்லை. வலது கை மடியில் கிடந்தது. இடது கை மட்டும் கீழே எதையோ தடவியது. தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறீர்கள் என்று நான் எடுத்து நீட்டினேன். நீங்கள் முறைத்தீர்கள். இக்கரையில் இடித்த பிறகும் நீங்கள் எஞ்சினை நிறுத்தவில்லை. மேலே ஜீப் தயாராக நிற்கிறது, தேனிக்கு எத்தனை வளைவு இறங்கவேண்டும்! நிறுத்துடி, இறங்கு என்று அண்ணன் கத்தினார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். மடியில் கிடந்த கையில் பெருவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. நடுக்கம் என்று நினைத்தேன். வாயால் சொல்ல மூச்சில்லாமல், விரலில் அந்தப் பத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

அத்தனை பக்திக்காரி, கடைசிப் பயணத்தில் சிலுவை போட மறந்துவிட்டாளே என்று இத்தனை நாளும் நான் உள்ளுக்குள் வைத்துப் புழுங்கினேன். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. மறக்கவில்லை. ஒரு கையை அசைக்கத்தான் தெம்பிருந்தது, அதை வால்வுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

சில நாள் கழித்து ஆம்புலன்ஸில் உங்களைக் கொண்டுவந்தபோது, வள்ளம் நாம் விட்ட இடத்திலேயே கிடந்தது. உங்களை உள்ளே கிடத்தினார்கள். கயிற்றைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. நான்தான் போய் இழுத்தேன், பிறந்ததிலிருந்து முதல்முறையாக. ஒரே இழுப்பில் எழும்பியது. கரையில் நின்றவர்கள் மாதாவின் புதுமை என்று அழுதார்கள். என் கர்த்தர் இரங்கினார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நடுத் தண்ணீரில் உங்கள் பாட்டுப்படியே மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன், அக்கரை வந்ததும் அப்படியே பிடுங்கி நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் அது எனக்கு எழும்பவில்லை. மூச்சு முட்ட முட்ட நீங்கள் எண்ணி நிரப்பிவைத்த பெட்ரோல் அது. அதில்தான் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

என் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதை நான் சாகிறவரை சொல்லிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் இன்றைக்கு மாற்றிவிட்டுத்தான் நிறுத்தினேன். இனி எந்தக் கரையானாலும், யார் அவசரப்படுத்திக் கத்தினாலும், மாற்றிவிட்டுத்தான் நிறுத்துவேன். அடுத்து அதில் யாரை ஏற்ற வேண்டிவரும் என்று நமக்கு என்ன தெரியும், மதினி.